ஞாயிறு வரை

பர்கூர் தாண்டி, மாங்கூழ் ஆலையின் எடைமேடை
நின்றுபோய் ஏழு மணிநேரம்.
கேட்டிலிருந்து ரயில்வே கேபின் வரை லாரிகள்.
எல்லாவற்றிலும் பெங்களூரா.
காய் என்று ஏற்றியதை
பழம் என்று இறக்க வேண்டிவரும்,
விடிந்தால் அழுகல் என்று தள்ளுவார்கள்.
தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி வந்து, பஸ் மாறி,
கடைசி ஒரு மைல் ஒரு ஓட்டுநரின் பைக்கில் வந்தேன்.
பையில் மடிக்கணினி, இரண்டு பென் டிரைவ்,
டப்பாவில் எலுமிச்சை சாதம்.

மதியம் இடி இறங்கியிருக்கிறது பழைய சர்வருக்குள்.
“பேக்கப் இருக்குது” என்றார் எடைமேடை சாதிக் பாஷா,
நகை லாக்கரில் இருக்கிறது என்பதுபோல.
இருந்தது. ஞாயிறு இரவு பதினொன்றுக்கு எடுத்தது.
புதுப் பெட்டிக்குள்
ஒரு மெய்நிகர் எந்திரமாக அதை இறக்கினேன்.
நூறு சதவீதம். பிழை பூஜ்யம்.
அப்புறம் கறுப்புத் திரை.
துவக்க வட்டு எதுவும் இல்லை என்று ஒரே வரி.

“நல்லா இருக்குன்னு காட்டுச்சே?”
நல்லாத்தான் இருக்குதுங்க.
குடிமாறி வந்திருக்கு, வாசல் பிடிபடல.

பழையது பயாஸில் எழுந்து பழகியது.
நான் கேட்காமல் யூஇஎஃப்ஐ கொடுத்திருந்தேன்.
மாற்றினேன். நாலு அடி நடந்து விழுந்தது.
வட்டு இருக்கிறது, பார்க்க டிரைவர் இல்லை.
வேகமான புது வட்டு வகையை எடுத்துவிட்டு
பழைய சாட்டாவையே மாட்டினேன்.
எழுத்துகள் ஓடின.
சாதிக் எழுந்து நின்றார்.
நின்றன.

ஒரு வட்டுக்காகக் காத்திருந்தது அது.
முப்பத்திரண்டு எழுத்தில் அதன் அடையாளம்,
ஒன்றரை நிமிடக் கெடு,
சின்னச் சிவப்பு நட்சத்திரங்கள்
இடமும் வலமும் போய்ப்போய் வந்தன.
அந்த வட்டு எங்கே என்று எனக்குத் தெரியும்.
ஜெனரேட்டர் அறைப் படியில்,
பேப்பர் விரித்து வைத்திருக்கிறார்கள்,
பாதி கருகி.
யாரும் பேக்கப் எடுக்காத இரண்டாம் வட்டு.
எந்திரத்திற்கு அது செத்தது தெரியாது.
ஞாயிற்றுக்கிழமை அது உயிரோடுதான் இருந்தது.

கெடு முடிந்தது. அவசர நிலை.
ரூட் பாஸ்வேர்டு கேட்டது.
யாருக்கும் தெரியவில்லை.
இதைப் போட்டுக்கொடுத்த திம்மராயன்
இப்போது ஓசூரில் கார் இன்சூரன்ஸ் விற்கிறார்.
பன்னிரண்டரைக்கு எழுப்பினோம்.
ரொம்ப நேரம் சிரித்தார். பிறகு,
“ஸ்பீக்கரை அணைங்க.”
முதலாளியைப் பற்றி ஒரு வசவு அது,
நடுவில் டாலர் குறி, கடைசியில் ஒரு வருஷம்.
நான் அடிக்கும்போது
சாதிக் காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார்.

வட்டுகளின் பட்டியலைத் திறந்தேன். கடைசி வரி.
அழிக்கவில்லை. எங்கள் தொழிலில்
அழிக்க ஒரு பயம்.
வரிக்கு முன்னால் ஒரு ஹேஷ் போட்டேன்:
இருக்கட்டும், இனி கேட்காதே.

ஒன்று நாற்பதுக்கு எழுந்தது.
எடைமேடைத் திரையில் பச்சைப் பூஜ்யம்.
வெளியே யாரோ ஹாரனை விடாமல் அழுத்தினார்கள்.
சாதிக் மட்டும் சிரிக்கவில்லை.
கடைசிப் பதிவு: ஞாயிறு, இரவு 8.50, வேப்பனப்பள்ளி வண்டி.
திங்கள் இல்லை. செவ்வாய் இல்லை.
இடி விழும் வரைக்குமான புதன் இல்லை.
நூற்று நாற்பது லோடு, பணம் பாக்கி.
அதற்கு என்னிடம் கட்டளை எதுவும் இல்லை.

அப்போதுதான் சீட்டுகள் வர ஆரம்பித்தன.
தினமும் நடை அடிக்கும் வண்டிகள்.
கண்ணாடி மேல் செருகியது, சட்டைப்பையில் மடித்தது,
சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது.
ரோஸ் காகிதத்தில் நிகர எடை, நேரம், வண்டி எண்.
சாதிக் வாசிக்க வாசிக்க நான் அடித்தேன்,
திங்கள் வந்தது, செவ்வாய் பாதி வந்தது.

மூன்று மணிக்கு ஒரு சீட்டு.
வியர்வையில் ஊறி, நடு எண் கலைந்து.
எட்டு என்றார் ஓட்டுநர் சின்னத்தம்பி.
மூன்று என்றார் சாதிக்.
ஐந்நூறு கிலோ.
விளக்கில் பிடித்துப் பார்த்தார்கள், திருப்பிப் பார்த்தார்கள்,
அப்புறம் இருவரும்
என்னைப் பார்த்தார்கள்.